ஹைபிரிட் கார் வாங்கப் போறீங்களா? மைலேஜ் உண்மையா, ஷோரூமில் யாரும் சொல்லாத தொல்லைகள் என்னென்ன?

'லிட்டருக்கு 28 கிலோமீட்டர் கொடுக்கும், சார்ஜ் போடவே வேண்டாம்.' ஹைபிரிட் கார் பார்க்க ஷோரூமுக்குப் போனால் முதலில் காதில் விழும் வார்த்தை இதுதான். இரண்டாவது பாதி முழு உண்மை. முதல் பாதிதான் கொஞ்சம் சிக்கல்.

அதற்கு முன்பு ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். 'ஹைபிரிட்' என்று பின்னால் எழுதியிருக்கும் எல்லா காரும் ஒன்றல்ல. மைல்டு ஹைபிரிட் என்பது இன்ஜினுக்குக் கூடவே ஒரு சின்ன மோட்டார் கைகொடுக்கும் வகை. அதனால் காரைத் தனியாக ஓட்ட முடியாது, மைலேஜிலும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஸ்ட்ராங் ஹைபிரிட் வேறு. அதில் இன்ஜின் அணைந்த நிலையிலேயே மோட்டார் மட்டும் காரை நகர்த்தும். மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் போன்ற கார்களில் இரண்டு வகையும் ஒரே பெயரில் விற்பனைக்கு வந்திருக்கின்றன. எது என்று கேட்காமல் புக் பண்ணிவிட்டு, 'என் கார் ஏன் கரண்ட்ல ஓடல?' என்று பிறகு கேட்பவர்களும் உண்டு. இந்தக் கட்டுரை ஸ்ட்ராங் ஹைபிரிட் பற்றியது.

28 வருமா, வராதா?

கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்குச் சொல்லப்படும் மைலேஜ் 27.97. இன்னோவா ஹைகிராஸுக்கு 23.24. ஹோண்டா சிட்டி ஹைபிரிட் 2022-ல் அறிமுகமானபோது சொன்னது 26.5. இவை பொய் இல்லை. ஆனால் ஆய்வகத்தில் உருளை மேல் காரை நிறுத்தி, ஏசி போடாமல், அதிகபட்சம் 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் பார்த்த கணக்கு. சென்னையில் மே மாதம் ஏசி போடாமல் யார் ஓட்டுகிறார்கள்?

இங்கே ஒரு வேடிக்கை. சாதாரண பெட்ரோல் கார் நெடுஞ்சாலையில் நல்ல மைலேஜ் கொடுக்கும், நகர நெரிசலில் திணறும். ஹைபிரிட் இதற்கு நேர் எதிர். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியை பேட்டரியில் சேர்த்து, அதை வைத்தே சிக்னலில் இருந்து கிளம்பும். அண்ணா சாலையில் நின்று நின்று போவதுதான் அதற்குப் பிடித்த பயணம். திருச்சி பைபாஸில் 110-ல் ஒரே சீராக விரட்டினால் பிரேக் பிடிக்கும் வேலையே இல்லை. பெரும்பாலான நேரம் இன்ஜின்தான் உழைக்கும். 'ஊருக்குப் போனா மைலேஜ் கூடும்' என்ற பழைய கணக்கோடு போகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

இன்னொன்று, பக்கத்துத் தெருவுக்குப் போய்வரும் குட்டிப் பயணங்கள். காலையில் கிளம்பியதும் இன்ஜினைச் சூடாக்க கார் தானாகவே அதை ஓட விடும். 2 கிலோமீட்டரில் பள்ளிக்கூடம் வந்துவிட்டால், சூடாக்கிய பெட்ரோல் வீண். தினமும் இப்படியே ஓடினால் மைலேஜ் அடிவாங்கும்.

டிஸ்பிளேயில் காட்டும் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். ஃபுல் டேங்க் போட்டு, ஓட்டி, மறுபடி அதே பங்கில் ஃபுல் டேங்க் போட்டுக் கணக்குப் பாருங்கள். அதுதான் உங்கள் மைலேஜ்.

பணம் திரும்ப வருமா?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய். சாதாரண கார் நகரத்தில் 14 கொடுக்கிறது, ஹைபிரிட் 21 கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால் மிச்சமாவது சுமார் 24 லிட்டர், அதாவது 2,400 ரூபாய். இரண்டு மாடலுக்கும் விலை வித்தியாசம் 3 லட்சம் என்றால், அந்தப் பணம் திரும்ப வர பத்து வருடத்துக்கு மேல் ஆகும். மாதம் 2,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு ஐந்து வருடம் சொச்சம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் காரை எடுப்பவர் பெட்ரோல் மிச்சத்துக்காக ஹைபிரிட் வாங்கினால், எங்கள் பார்வையில் அது நஷ்டக் கணக்குதான்.

விலை ஏன் இவ்வளவு? வரியும் ஒரு காரணம். எலெக்ட்ரிக் காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். 4 மீட்டருக்கு மேல் நீளம் உள்ள ஹைபிரிட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். அதற்கு முன்பு செஸ் சேர்த்து 43 ஆக இருந்தது. உத்தரப் பிரதேசம் 2024-ல் ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்குப் பதிவு வரியைத் தள்ளுபடி செய்தது தனிக் கதை.

தினசரி தொல்லைகள்

முதலில் டிக்கி. பேட்டரி எங்கேயாவது உட்கார வேண்டுமே! ஹோண்டா சிட்டி பெட்ரோல் காரில் 506 லிட்டர் டிக்கி, ஹைபிரிட்டில் 306. இரண்டு பெரிய சூட்கேஸோடு விமான நிலையம் போகும்போதுதான் இது உறைக்கும்.

அடுத்தது சத்தம். 'இவி' என்று பச்சை விளக்கு எரிய, சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருக்கும் கார், சிக்னலில் நிற்கும்போது திடீரென இன்ஜினைக் கிளப்பும். பழுது இல்லை. ஏசி பேட்டரியைக் குடித்துவிட்டது, அவ்வளவுதான். ஹைரைடரின் ஹைபிரிட் பேட்டரி 0.76 கிலோவாட் அவர்தான். ஒரு யூனிட் மின்சாரம்கூட முழுசாகப் பிடிக்காது. எலெக்ட்ரிக் காரில் இருப்பது இதைப் போல பல மடங்கு. அதனால் 'பாதி தூரம் கரண்ட்லயே போயிடலாம்' என்று ஒரே மூச்சில் எதிர்பார்க்கக் கூடாது.

மலைப்பாதையில் வேறு மாதிரி. ஏறும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வேகம் கூடுவதற்கு முன்பே இன்ஜின் உறுமும். இறங்கும்போது இன்னும் விசித்திரம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி இறங்குவதற்குள் பேட்டரி நிறைந்துவிடும். அதற்கு மேல் சேர்க்க இடமில்லை என்பதால் கார் இன்ஜினைச் சுழற்றி வேகத்தைக் குறைக்கும். ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமலேயே சத்தம் வரும், பயப்பட வேண்டாம். கியரில் 'பி' என்று தனியாக ஓர் இடம் இருந்தால் (பார்க்கிங் இல்லை, ஆங்கில இரண்டாவது எழுத்து) இறக்கத்தில் அதைப் பயன்படுத்துங்கள்.

உண்மையிலேயே கடுப்பேற்றுவது சின்ன பேட்டரி. ஹைபிரிட்டில் பெரிய பேட்டரி போக, எல்லா காரிலும் இருக்கும் 12 வோல்ட் பேட்டரியும் உண்டு. காரின் கம்ப்யூட்டரை எழுப்புவது அதுதான். மூன்று வாரம் காரைத் தொடாமல் வெளியூர் போய்விட்டு வந்தால் அது இறங்கியிருக்கலாம். பெரிய பேட்டரியில் சார்ஜ் இருந்தும் கார் அசையாது. பாட்டு கேட்க ஆன் பண்ணி வைத்தால் சார்ஜ் ஏறாது. 'ரெடி' என்ற விளக்கு எரியும் நிலையில் வைத்திருந்தால்தான் ஏறும்.

அதே 'ரெடி' இன்னொரு வம்பும் இழுக்கும். சத்தம் இல்லாததால் கார் ஆஃப் ஆகிவிட்டது என்று நினைத்து இறங்கிப் போய்விடுவார்கள். கொஞ்ச நேரத்தில் இன்ஜின் தானாக ஓடத் தொடங்கும். மூடிய பார்க்கிங்கில் இது ஆபத்து, புகை சேரும். வீட்டில் வயதானவர்கள் ஓட்டினால் இதை ஒருமுறை சொல்லிக் கொடுங்கள்.

பல ஹைபிரிட்களில் பின் சீட் அருகே ஒரு காற்றுத் துளை இருக்கும். பேட்டரியைக் குளிர்விக்க அது வழியாகத்தான் காற்று போகும். அதை மறைத்துப் பையை அடுக்கினாலோ, அதன் ஃபில்டரில் தூசி அடைத்தாலோ பேட்டரி சூடாகும். சர்வீஸ் விடும்போது 'அந்த ஃபில்டரைச் சுத்தம் பண்ணீங்களா?' என்று கேளுங்கள். மழை வெள்ளத்தில் கார் மூழ்கினால் தெரு மெக்கானிக்கைத் தொட விடாதீர்கள். ஆரஞ்சு நிற ஒயர்களில் ஓடுவது உயர் மின்னழுத்தம்.

நல்லது எதுவும் இல்லையா என்றால், இருக்கிறது. வேகத்தைப் பெரும்பாலும் மோட்டாரே குறைப்பதால் பிரேக் பேடு நீண்ட நாள் வரும். கிளட்ச் மாற்றும் செலவே இல்லை. நெரிசலில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கினாலும் கால் வலிக்காது.

பேட்டரி போய்விட்டால் என்ன ஆகும் என்பது பலரின் பயம். டொயோட்டா தன் ஹைபிரிட் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை வாரன்டி தருகிறது. செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் இந்த இரண்டு எண்ணையும், சர்வீஸ் ரெக்கார்டையும் பார்த்துவிட்டே விலை பேச வேண்டும்.

டெஸ்ட் டிரைவுக்குப் போவதாக இருந்தால் காலை 7 மணிக்குக் காலி ரோட்டில் போகாதீர்கள். மாலை 6 மணிக்கு, முழு ஏசியில், வீட்டு ஆட்களையும் ஒரு பெரிய சூட்கேஸையும் ஏற்றிக்கொண்டு போங்கள்.