காளான் தின்றதால் மூளை வளர்ந்ததா?

கடந்த 20 லட்சம் ஆண்டுகளில் நம் மூதாதையரின் மூளை ஏறத்தாழ இரு மடங்கானது. ஏன்? ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் சாணத்தில் முளைத்த போதைக் காளான்களுக்கு அதில் பெரும் பங்குண்டு என்று 1992இல் எழுதினார் அமெரிக்கரான டெரன்ஸ் மெக்கென்னா.

அந்தக் காளானிலுள்ள சிலோசைபின் என்னும் வேதிப்பொருள் உடலுக்குள் சிலோசினாக மாறுகிறது. மூளையில் செய்தி கடத்தும் செரடோனினை ஒத்த உருவம் அதற்கு. அதனால் மூளையில் செரடோனினுக்கான ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்கிறது. நிறங்கள் துலங்கும், காலம் நீளும், ‘நான்’ என்ற எல்லை கரையும். இந்த அனுபவமே மொழியையும் கற்பனையையும் தூண்டியது என்பது அவர் வாதம்.

மனத்தை ஈர்க்கும் கதைதான். ஆனால் ஒருவர் கண்ட காட்சி அவர் பிள்ளையின் மரபணுவில் ஏறாது. காளானோ மென்மையானது, எளிதில் புதைபடிவமாகாது. ஆதிமனிதர் போதைக் காளானைத் தின்றதற்குத் தடயம் கிடைக்கவில்லை. இறைச்சி தின்றதற்குக் கிடைத்திருக்கிறது: கல் கருவிகள் வெட்டிய தழும்புகள் விலங்கு எலும்புகளில் இன்றும் தெரிகின்றன.