பங்க் இசையும் உற்பத்தி உறவுகளும்: ரீம் ட்றெஷ் குழுவினை முன்வைத்து ஒரு நோக்கு

கலையின் அரசியலைப் பற்றிப் பேசுமிடத்து அதன் உள்ளடக்கமே பெரும்பாலும் கவனத்துக்குள்ளாகின்றது. ஒரு பாடல் எதனை எதிர்க்கின்றது, யாருக்காகப் பேசுகின்றது என்னும் வினாக்கள் அவசியமானவையே. எனினும் அவை மட்டும் போதுமானவையல்ல. உற்பத்தியாளனாக எழுத்தாளனை நோக்கி 1934 இல் வால்டர் பெஞ்சமின் எழுதிய கட்டுரை, தன் காலத்து உற்பத்தி உறவுகள் பற்றி ஒரு படைப்புக் கொண்டுள்ள கருத்தைக் கேட்பதற்கு முன்னர், அவ்வுறவுகளுக்குள்ளே அது எங்கு நிற்கின்றது எனக் கேட்குமாறு வேண்டுகின்றது. இவ்வினாவை இசைத்துறையில் எழுப்புவதற்கு, ஐக்கிய அமெரிக்காவின் ரீம் ட்றெஷ் எனும் பெண்ணிய, குயர் பங்க் குழு தக்க சான்றாகும்.

வாஷிங்ரன் மாநிலத்தின் ஒலிம்பியாவையும் அயல் மாநிலமான ஒறிகனின் போட்லண்ட் நகரையும் களமாகக் கொண்டு 1993 இல் இக்குழு தோன்றியது. டொனா ட்றெஷ், ஜோடி பிளைல், கையா வில்சன் ஆகியோர் இதன் முதன்மை உறுப்பினர்கள். பெண்ணைக் காதலிக்கும் பெண்ணின் வாழ்வை இவர்கள் ஒளிவுமறைவின்றிப் பாடினர்.

அக்காலச் சூழல் மனங்கொள்ளத்தக்கது. தற்பாலீர்ப்பை இயல்புக்கு மாறானதாகவும் தவறானதாகவும் கொள்ளுமாறு அரசாங்கத்தையும் பாடசாலைகளையும் பணிக்கும் திருத்தமொன்று 1992 நவம்பரில் ஒறிகனில் வாக்கெடுப்புக்கு விடப்பட்டுத் தோல்வியுற்றது. அதே நாளில் கொலறாடோவில், தற்பாலீர்ப்பினருக்குப் பாரபட்சத்துக்கு எதிரான சட்டப் பாதுகாப்பு வழங்குவதைத் தடுக்கும் திருத்தம் வெற்றி பெற்றது. 1996 இல் உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லுபடியற்றதாக்கியது. 1993 யூலையில் பங்க் பாடகி மியா சபாற்றா சியற்றில் நகரில் வன்புணர்வுக்குட்படுத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். ஆகவே, பாலுறவு விருப்பும் பெண்ணுடலின் பாதுகாப்பும் இக்குழுவினருக்குத் தனிமனித விவகாரங்களாக இருக்கவில்லை. அரசும் சமூகமுமே அவற்றைப் பொதுப் போராட்டக் களமாக்கியிருந்தன.

1970 களின் நடுப்பகுதியில் நியூயோர்க்கிலும் லண்டனிலும் எழுந்த பங்க் இசை, நீண்ட பயிற்சியோ விலையுயர்ந்த கருவிகளோ இன்றி எவரும் இசைக்கலாம் என்ற சனநாயக உந்துதலைக் கொண்டிருந்தது. ஆயினும் 1980 களில் அதன் மேடைகளில் ஆணாதிக்கமே மேலோங்கியது. இதற்கு எதிராக இரு போக்குகள் கிளர்ந்தன. ஒன்று, ரொறன்ரோவில் 1985 இல் தொடங்கிய 'ஜே.டி.ஸ்' போன்ற சிற்றிதழ்கள் வழி வளர்ந்த குயர்கோர். மற்றையது, 1991 அளவில் ஒலிம்பியாவிலும் தலைநகர் வாஷிங்ரனிலும் உருவான 'றயட் கேள்' எனும் பெண்ணிய இயக்கம். இவ்விரண்டும் சங்கமிக்கும் இடத்திலேயே ரீம் ட்றெஷ் நிற்கின்றது.

1991 இல் கெஃபன் நிறுவனத்தின் வாயிலாக வெளிவந்த நிர்வானா குழுவின் 'நெவர்மைண்ட்' பெரும் விற்பனை கண்டதும், பெருமுதலீட்டு நிறுவனங்கள் அப்பிரதேசத்து இசைக்குழுக்களைத் தேடிச் சென்றன. ரீம் ட்றெஷ் வேறு வழியைத் தெரிந்தது. அதன் 'பேர்சனல் பெஸ்ட்' (1995), 'கப்ரன் மை கப்ரன்' (1996) ஆகிய தொகுப்புகளை ட்றெஷ் நடத்திய செயின்சோ, பிளைல் நடத்திய கன்டி ஆஸ் ஆகிய இரு சிறு வெளியீட்டகங்களும் கூட்டாக வெளியிட்டன. செயின்சோ சிற்றிதழாகத் தொடங்கியது என்பதும் குறிப்பிடத்தக்கது. பாடுவோரே வெளியீட்டுச் சாதனங்களையும் தம் கையில் வைத்திருந்தமையால், எதனைப் பாடலாம் என்பதைச் சந்தை தீர்மானிக்க இடமிருக்கவில்லை.

1995 இல் கன்டி ஆஸ் வெளியிட்ட 'ஃபிறீ ரு ஃபைற்' இதனினும் ஒரு படி மேற்சென்றது. பல பெண் கலைஞர்களின் பாடல்களோடு தற்காப்புப் பயிற்சி பற்றிய கைந்நூலும் அதில் இணைக்கப்பட்டிருந்தது. இசைநிகழ்ச்சிகளில் தற்காப்பு முறைகளும் கற்பிக்கப்பட்டன. நுகர்வோராக வந்தவர்கள் பங்காளராக மாறும் நிலையினை இங்கு காண்கின்றோம். பெஞ்சமின் கலைஞரிடம் எதிர்பார்த்ததும் இத்தகைய மாற்றத்தையே.

இதனை மிகைப்படுத்துதலும் தவறாகும். சிறுவெளியீட்டாளர் விற்கும் இசைத்தட்டும் பண்டமே. சிற்றுடைமை முதலாளித்துவத்தின் இடுக்குகளில் வாழுமேயன்றி, அதனை ஒழிப்பதில்லை. றயட் கேள் இயக்கம் பெரிதும் வெள்ளையின, கல்லூரி இளையோரைச் சார்ந்திருந்தது என்ற விமர்சனமும் நியாயமானதே. அக்களத்திலிருந்து எழுந்த ரீம் ட்றெஷ்ஷும் 1990 களின் பிற்பகுதியில் ஓய்ந்து, 2004 இலேயே மீண்டும் ஒன்றுகூடியது.

ஆயினும் இக்குறைபாடுகளைக் காட்டி, பாலினமும் பாலுறவு விருப்பும் வர்க்கப் போராட்டத்துக்குப் புறம்பானவை என ஒதுக்குதல் யாந்திரிகமான மார்க்சியமாகும். யார் உற்பத்தி செய்கின்றனர், சாதனங்கள் யார் வசமுள்ளன, கேட்போர் அதனால் என்ன செய்ய இயலுமாகின்றனர் ஆகிய வினாக்களைச் சில பெண்கள் தம் நடைமுறையிலேயே எழுப்பியுள்ளனர். முற்போக்கு விமர்சனம் அவற்றைத் தன் வினாக்களாகவும் ஏற்றுக்கொள்ளுதல் வேண்டும்.