மஞ்சள் குடும்பத்தின் முகமாற்றங்கள்

1987ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் டிரேசி உல்மன் என்ற நகைச்சுவை நடிகை நடத்திவந்த நிகழ்ச்சிக்கு நடுவே ஓரிரு நிமிஷம் தலைகாட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்த மஞ்சள் நிறக் குடும்பமொன்று, 1989 டிசம்பரில் தனக்கென்று அரைமணி நேரத்தைப் பெற்று, 'தி சிம்ப்ஸன்ஸ்' என்னும் கார்ட்டூன் தொடராயிற்று. அதன் முதல் பருவத்தையும் அண்மைப் பருவத்தையும் அடுத்தடுத்துப் பார்க்கிறவர்கள், பெயர்கள்தாம் ஒன்று, மனிதர்கள் வேறு என்று நினைத்தால் ஆச்சரியமில்லை.

ஆதியில் அவ்வுருவங்கள் கோணல்மாணலாக இருந்ததற்குக் கலைக்கொள்கை எதுவும் காரணமன்று. சிருஷ்டிகர்த்தாவான மாட் கிரேனிங், சித்திரக்காரர்கள் திருத்தி அழகுபடுத்திக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில் அவசரக் கோடுகளாகப் போட்டுக் கொடுக்க, கிளாஸ்கி சூப்போ நிறுவனத்தாரோ அந்தக் கோடுகளையே வெகு சிரத்தையுடன் படியெடுத்து அசையவிட்டார்கள். தென்கொரியாவில் வரையப்பட்டு முதலில் திரும்பிவந்த அத்தியாயமோ, பெரும்பகுதியை மீண்டும் வரையவேண்டிய லட்சணத்தில் இருந்தமையால், பருவத்தின் கடைசிக்குத் தள்ளப்பட, கிறிஸ்துமஸ் கதையொன்று முந்திக்கொண்டது.

கோடுகளைவிடப் பெரிய மாறுதல் குரலில் நிகழ்ந்தது என்பது என் அபிப்பிராயம். தந்தை ஹோமருக்குக் குரல் கொடுக்கும் டான் காஸ்டலனெட்டா, தொடக்கத்தில் வால்டர் மத்தாவ் என்ற நடிகரின் உறுமலைப் பின்பற்றினார்; அந்தத் தொண்டையில் எல்லா பாவங்களும் ஏறாமற்போகவே, நாளடைவில் அதைக் கைவிட்டார். குரல் இளகியபின் பாத்திரமும் இளகி, கோபக்காரத் தகப்பன் அசட்டுத் தகப்பனாகவும், குறும்புக்காரப் பிள்ளை பார்ட்டைச் சுற்றிவந்த கதைகள் ஹோமரைச் சுற்றுவனவாகவும் ஆயின.

1992இல் சித்திர வேலை ஃபிலிம் ரோமன் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று; கதைப் பொறுப்பாளர்களும் சில பருவங்களுக்கொரு முறை மாறினார்கள்; 2002 முதல் கையால் வர்ணம் தீட்டும் முறை போய்க் கணினி வந்தது; 2009 பிப்ரவரியில் சதுரத்தை ஒட்டியிருந்த சட்டம் அகன்றது. ஒவ்வொரு முறையும் உருவங்கள் தெளிந்தன என்பது மெய். ஆனால், பயம் வந்தால் ஒரு மாதிரி, பசி வந்தால் வேறு மாதிரி என்று முகம் முழுவதுமே நெளிந்து குழைந்த அந்தப் பழைய சுதந்திரம், இலக்கணம் கெட்டிப்படக் கெட்டிப்படக் குறைந்ததும் மெய். கோடு நிலைபெற்று, இன்னும் விறைத்துப்போகாமலிருந்த இரண்டாம், மூன்றாம் பருவங்களே எனக்கு உகந்தவை. எட்டாம் பருவத்தின் கதைநயத்தைப் போற்றுவோர் என்னோடு சண்டைக்கு வரட்டும்.

புதுமையின் மோகம் பழையதையும் விடவில்லை. 2019இல் டிஸ்னி பிளஸ், பழைய பருவங்களையும் அகன்ற திரைக்கென்று மேலும் கீழும் வெட்டி வெளியிட்டது. மூவகை டஃப் பீரும் ஒரே குழாயிலிருந்துதான் வருகின்றன என்று காட்டும் நான்காம் பருவத்து வேடிக்கையில், குழாய் திரைக்கு வெளியே போய்விட்டது. ரசிகர்கள் முறையிட்டபின், 2020இல் பழைய வடிவம் திரும்பக் கிடைத்தது.