நரம்பு செல் தன் கிளையைத் தானே வெட்டுவது எப்படி? பழ ஈ ஆய்வுகள் தரும் விளக்கம்

மரங்களைக் கவாத்து செய்வதுபோல, வளர்ச்சியின்போது நரம்பு செல்களும் தேவையற்ற கிளைகளை நீக்கிக்கொள்கின்றன. கிளை மட்டுமே விழ வேண்டும். செல் உயிரோடு இருக்க வேண்டும். செல்லுக்குள் உள்ள நுண்குழல்கள் எத்திசை நோக்கி அமைந்துள்ளன என்பதும் இப்பணியைத் தீர்மானிக்கிறது எனப் பழ ஈக்களில் நடைபெற்ற ஆய்வுகள் காட்டுகின்றன.

என்ன நிகழ்கிறது?

பழ ஈயின் புழுப் பருவத்தில், தோலுக்கு அடியில் வலியை உணரும் நரம்பு செல்கள் பரவியுள்ளன. கூட்டுப்புழுப் பருவம் தொடங்கும்போது எக்டைசோன் என்ற ஹார்மோன் கவாத்துக்கு ஆணையிடுகிறது. சமிக்ஞைகளைப் பெறும் கிளைகளான டென்ட்ரைட்டுகள் செல்லின் உடற்பகுதிக்கு அருகே துண்டிக்கப்பட்டு, சுமார் 18 மணி நேரத்தில் அகற்றப்படுகின்றன. சிதைவுகளைத் தோல் செல்கள் விழுங்கிவிடுகின்றன. சமிக்ஞையை வெளியே கொண்டுசெல்லும் ஆக்ஸான் சேதமடைவதில்லை. பின்னர், முதிர்ந்த ஈக்கு ஏற்ற புதிய டென்ட்ரைட்டுகள் வளர்கின்றன.

நுண்குழல்களின் பங்கு

நுண்குழல்கள் புரதத்தால் ஆனவை. அவை செல்லுக்கு எலும்புக்கூடாகவும், சரக்குகளைக் கொண்டுசெல்லும் தண்டவாளமாகவும் விளங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் 'கூட்டல்', 'கழித்தல்' என இரு முனைகள் உண்டு. ஆக்ஸானில் கூட்டல் முனை வெளிநோக்கி இருக்கும். பூச்சிகளின் டென்ட்ரைட்டுகளில் பெரும்பாலும் கழித்தல் முனையே வெளிநோக்கி இருக்கும். கிளை அறுபடுவதற்கு முன்பே, வெட்டுப்படும் இடத்தில் நுண்குழல்கள் சிதைந்துவிடுகின்றன.

திசை மாறினால்?

சிங்கப்பூரின் டெமாசெக் உயிர் அறிவியல் ஆய்வக விஞ்ஞானிகள் 2019-ல் வெளியிட்ட ஆய்வு இக்கேள்விக்கு விடை தேடியது. கழித்தல் முனையைப் பாதுகாக்கும் பேட்ரோனின் என்ற புரதம் இல்லாதபோது டென்ட்ரைட்டுகளில் நுண்குழல்களின் திசை குழம்பியது. உரிய நேரத்தில் விழ வேண்டிய கிளைகள் விழாமல் நின்றன. நுண்குழல்களைச் சிதைக்கும் கேஎல்பி10ஏ புரதத்தின் அளவைக் குறைத்தபோது திசை ஒழுங்கு திரும்பியது, கவாத்தும் சீரானது. ஆகவே, வெட்டுவதற்கான ஆணை மட்டும் போதாது. அதற்கேற்ற உள்ளமைப்பும் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்.

மனிதர்களுக்கு என்ன தொடர்பு?

மனித மூளையிலும் குழந்தைப் பருவம் முதல் வளரிளம் பருவம் வரை மிகுதியான நரம்பு இணைப்புகள் நீக்கப்படுகின்றன. இது குறைந்தால் ஆட்டிசத்துடனும், மிகுந்தால் மனச்சிதைவு நோயுடனும் தொடர்பு இருக்கலாம் என ஆய்வுகள் கூறுகின்றன. எனினும், பாலூட்டிகளின் டென்ட்ரைட்டுகளில் நுண்குழல்கள் இரு திசைகளிலும் கலந்தே அமைந்துள்ளன. எனவே, பழ ஈயில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்த இயலாது. ஆனால், ஒரு செல் தன்னை அழித்துக்கொள்ளாமல் தன் ஒரு பகுதியை மட்டும் எவ்வாறு நீக்குகிறது என்ற அடிப்படைக் கேள்விக்கு இந்தச் சிறு பூச்சி வழிகாட்டுகிறது.