ஒட்டுமீசை: பசை குறையக் குறைய நிஜம் கூடும்

சுதந்திர தினம், குழந்தைகள் தினம், பாரதி பிறந்த நாள் என்று வந்துவிட்டால் பள்ளிகளில் மாறுவேடப் போட்டி களைகட்டும். முண்டாசும் மீசையுமாகப் பாரதி இல்லாத மேடையே இருக்காது. வெண்தாடி வள்ளுவரும் முறுக்குமீசைக் கட்டபொம்மனும் வரிசையில் நிற்பார்கள். 1959-ல் வெளிவந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தில் சிவாஜி கணேசன் வைத்திருந்த மீசைதான் இன்றும் பல குட்டிக் கட்டபொம்மன்களுக்கு மாதிரி. போட்டி முடிந்து மீசையைப் பிய்த்தெடுத்த பிறகு சில குழந்தைகள் பரிசோடு சிவந்து தடித்த மேலுதட்டையும் வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள்.

பெரியவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. நாடகக் குழுவினர், குறும்படம் எடுக்கும் கல்லூரி மாணவர்கள், கிறிஸ்துமஸ் தாத்தா வேடமிடுபவர்கள் எனப் பலரும் முடியைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் அக்கறையைப் பசையைத் தேர்ந்தெடுப்பதில் காட்டுவதில்லை. உண்மையில் இரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை. நன்றாகச் செய்த ஒட்டுமீசைக்குப் பசை மிகக் கொஞ்சமே போதும். மோசமாகச் செய்த மீசைதான் பசையை அள்ளிப் பூசச் சொல்கிறது.

கண்ணை ஏமாற்றுவது ஓரம்தான்

மலிவான மீசை தூரத்திலேயே பொய்யென்று தெரிந்துவிடுவதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, முழுக்க ஒரே கறுப்பு. இரண்டு, நேர்கோடாக வெட்டிய தடித்த ஓரம். நிஜ மீசையில் ஓரத்துக்கு வர வர முடி அடர்த்தி குறையும். ஒரே தாடியில் கறுப்பு, செம்பட்டை, நரை என்று நிறங்கள் கலந்திருக்கும்.

ஒப்பனைக் கலைஞர்கள் இதை இரண்டு வழிகளில் சாதிக்கிறார்கள். முதலாவது கிரேப் முடி. இது கம்பளி ரோமத்தை நூலோடு சேர்த்து இறுக்கிப் பின்னிய சடையாக விற்கப்படும். அதைப் பிரித்து, ஈரப்படுத்தி, இஸ்திரிப் பெட்டியால் சுருளை நீக்கி, இரண்டு மூன்று நிறங்களைக் கலந்துகொள்வார்கள். பிறகு தோலில் பசை தடவிச் சிறு சிறு கற்றைகளாக ஒட்டுவார்கள். தாடியை முகவாயின் அடியில் தொடங்கி மேல்நோக்கி அடுக்க வேண்டும். மீசையை உதட்டோரத்தில் தொடங்கி மூக்கின் நடுப்பகுதியை நோக்கிக் கொண்டுவர வேண்டும். சார்லி சாப்ளின் 1914-ல் திரைக்குக் கொண்டுவந்த நாடோடியின் குட்டி மீசை இப்படி ஒட்டிய கிரேப் முடிதான். இந்த முறையில் முடி இருக்கும் இடமெல்லாம் பசையும் இருக்கும்.

இரண்டாவது, லேஸ் மீசை. கொசுவலையைவிட மெல்லிய வலைத்துணியில், நுண்ணிய கொக்கி ஊசியால் மனித முடியையோ கவரிமா முடியையோ ஒன்றிரண்டாகக் கோத்து முடிச்சிடுகிறார்கள். ஓரத்தில் ஒற்றை முடியாகவும் நடுவில் அடர்த்தியாகவும் கோப்பதால் அது முளைத்த முடியாகவே தெரிகிறது. விலையும் உழைப்பும் அதிகம். ஆனால் வலையின் விளிம்பில் மட்டும் பசை தொட்டால் போதும். கழற்றிச் சுத்தம் செய்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். அடிக்கடி மேடையேறுபவருக்கு லேஸ் மீசையைத் தவிர வேறெதையும் பரிந்துரைக்க மனம் வராது.

பசைக்குள் இருப்பது என்ன?

நாடக உலகில் நெடுங்காலமாகப் புழங்குவது ஸ்பிரிட் கம். ஆல்கஹாலில் கரைத்த மரப்பிசின் அது. பல தயாரிப்புகளில் பைன் மரத்திலிருந்து எடுக்கும் ரோசின் சேர்கிறது. இது தோல் ஒவ்வாமைக்குப் பேர்போன பொருள். ஒவ்வாமையைக் கண்டறியத் தோல் மருத்துவர்கள் வைத்திருக்கும் அடிப்படைச் சோதனைப் பட்டியலிலேயே இடம்பெற்றிருக்கிறது. சில வகை பிளாஸ்திரிகளின் பசையிலும் ரோசின் உண்டு. எனவே பிளாஸ்திரி ஒட்டினால் தோல் அரித்துத் தடிக்கும் வழக்கம் உள்ளவர்கள் ஸ்பிரிட் கம்மை நெருங்காமல் இருப்பதே நல்லது.

திரவ லேடெக்ஸ் இன்னொரு வகை. இது ரப்பர் மரத்தின் பால். கெட்டுப்போகாமல் இருக்க அம்மோனியா சேர்ப்பதால் கண் எரியும், மூக்கு நெடியேறும். லேடெக்ஸ் ஒவ்வாமை சிலருக்கு நிமிடங்களில் கடுமையாகும்: உடல் முழுக்கத் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல். பலூன் ஊதினாலோ ரப்பர் கையுறை அணிந்தாலோ அரிப்பு வருபவர்கள் இதைத் தொடவே கூடாது. வாழைப்பழம், பப்பாளி, அவகாடோ சாப்பிட்டால் வாய் அரிப்பவர்களும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இந்தப் பழங்களில் உள்ள சில புரதங்கள் லேடெக்ஸின் புரதங்களை ஒத்தவை. கண்ணிமை முடி ஒட்டும் சில பசைகளிலும் லேடெக்ஸ் இருப்பதால் லேபிளைப் படித்துவிட்டு வாங்க வேண்டும்.

தோலில் ஒட்டுவதற்கென்றே தயாரான, தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட அக்ரிலிக் பசை, மருத்துவத் தரச் சிலிக்கோன் பசை, இருபுறமும் ஒட்டும் விக் டேப் ஆகியவை பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்கின்றன. ஆனாலும் யாருக்கும் ஒவ்வாமையே தராத பசை என்று ஒன்று கிடையாது.

அவசரத்துக்குச் சூப்பர் க்ளூவை எடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது நொடியில் தோலோடு இறுகிவிடும். பஞ்சோ பருத்தித் துணியோ பட்டால் சூடேறித் தீப்புண்ணே உண்டாகலாம். முகத்துக்கு அது ஒருபோதும் கூடாது.

இரண்டு நாள் முன்னதாக

நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்னதாகவே பசையில் ஒரு துளியை முன்கையின் உட்புறத்தில் தடவிப் பார்க்க வேண்டும். தடவிய அரைமணி நேரத்துக்குள் எரிச்சலோ தடிப்போ வந்தால் உடனே கழுவிவிட வேண்டும். ஒன்றும் தெரியாவிட்டாலும் பசை பரவாயில்லை என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது. தொடு ஒவ்வாமை மெதுவாக வரும். ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் அரிப்பும் சிறு கொப்புளங்களும் தலைகாட்டும். இதுவரை ஒத்துக்கொண்ட பசை திடீரென ஒத்துக்கொள்ளாமல் போவதும் உண்டு.

சவரத்தை முந்தைய இரவே முடித்துவிட வேண்டும். சவரம் செய்த சூட்டோடு ஸ்பிரிட் கம் பட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் ஆல்கஹால் இறங்கித் தீயாய் எரியும். முகப்பரு, வாய்ப்புண், கரப்பான் இருக்கும்போது அந்த இடத்தில் எதையும் ஒட்டக் கூடாது.

குழந்தைகளுக்குப் பசையே வேண்டாம்

குழந்தையின் தோல் மென்மையானது. வேர்த்தால் மீசையைத் தேய்க்கும், உதட்டை நக்கும். மழலையர் வகுப்புப் பாரதிக்கு மீசையை வரைந்துவிட்டாலே போதும். அப்படி வரைவது ஒன்றும் மட்டமான வேலையல்ல. அமெரிக்க நகைச்சுவை நடிகர் க்ரூச்சோ மார்க்ஸ், ஒட்டுமீசையை விட்டுவிட்டுக் கறுப்புச் சாயத்தால் வரைந்த மீசையோடுதான் மேடையிலும் திரையிலும் புகழ்பெற்றார்.

எதைக்கொண்டு வரைகிறோம் என்பதில்தான் கவனம் தேவை. சில சுர்மா, கண்மை வகைகளில் காரீயம் கலந்திருப்பது சோதனைகளில் தெரியவந்திருக்கிறது. குழந்தையின் உடலில் காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. உதட்டுக்கு மேலே பூசியது எளிதில் வாய்க்குள் போய்விடும். தலைச்சாயம் இன்னும் மோசம். அதில் உள்ள பிபிடி என்ற வேதிப்பொருள் தோலைக் கொப்பளிக்க வைக்கக்கூடியது, விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. முகத்தில் பூசுவதற்கென்றே தயாரித்த, தண்ணீரில் கழுவினால் போகும் வண்ணமே சரி. வள்ளுவர் தாடிக்குக் காதில் மாட்டும் எலாஸ்டிக் கயிறு போதுமானது.

வாடகைத் தாடியும் தீயும்

வாடகைக்கு எடுக்கும் தாடி பல முகங்களைப் பார்த்துவிட்டு வருகிறது. மூக்கையும் வாயையும் சுற்றிக் குழந்தைகளுக்கு வரும் சீழ்க்கொப்புளமும், உதட்டில் வரும் ஹெர்பிஸ் கொப்புளமும் தொற்றக்கூடியவை. செயற்கை முடியென்றால் மிதமான சோப்பு நீரில் அலசி, முழுவதும் உலர்த்திய பிறகே அணியலாம். அலச முடியாததை வாங்காமல் இருப்பது மேல்.

செயற்கை முடி தீயில் உருகித் தோலோடு ஒட்டும். ஸ்பிரிட் கம்மில் இருக்கும் ஆல்கஹாலும் எளிதில் பற்றக்கூடியது. மெழுகுவத்தி, தீபாராதனை, சிகரெட் ஆகியவற்றிலிருந்து தாடிக்காரர் தள்ளியே நிற்க வேண்டும். தீப்பட்டுவிட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரைக் காட்டிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கழற்றும் நேரம்

பெரும்பாலான காயம் ஒட்டும்போது வருவதில்லை. அவசரமாகப் பிய்க்கும்போதுதான் வருகிறது. பசையோடு தோலின் மேலடுக்கும் உரிந்துவிடுகிறது. அந்தப் பசைக்கென்று விற்கும் நீக்கியையோ, அது இல்லையென்றால் தேங்காய் எண்ணெயையோ பஞ்சில் நனைத்து ஓரத்தில் ஒற்றிச் சில நிமிடம் பொறுத்தால் பிடி தளரும். பிறகு முடி வளரும் திசையிலேயே மெல்ல உரிக்கலாம். நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் முகத்துக்கு ஆகாது. மிதமான சோப்பால் கழுவி, ஈரப்பதம் தரும் கிரீம் தடவினால் போதும்.

மறுநாளும் சிவப்பு தணியாவிட்டால் மஞ்சள், எலுமிச்சை, பற்பசை என்று வீட்டுப் பரிசோதனையில் இறங்க வேண்டாம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த கிரீம்கள் முகத்தோலை மெலியவைத்து நிரந்தரச் சிவப்பையும் பருக்களையும் தருவதை இந்தியத் தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகளாக எச்சரித்து வருகிறார்கள். உதடு அல்லது கண் வீங்கினால், மூச்சு இரைத்தால் தாமதிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். மற்றபடி தோல் மருத்துவரிடம் போகும்போது பசைப் புட்டியையும் கையோடு எடுத்துச் செல்வது நல்லது. முதுகில் ஒட்டி 48 மணி நேரம் வைத்துப் பார்க்கும் பேட்ச் சோதனையின் மூலம் எந்தப் பொருள் ஆகவில்லை என்று அவர் கண்டறிய முடியும். அடுத்த வேடத்துக்கு எதைத் தவிர்க்க வேண்டும் என்பதும் அதில் தெரிந்துவிடும்.