பற்றரிக்கும் வயிறு நிறைய வேண்டும்

1990இல் வடபகுதியில் மின்சாரம் நின்றபின், சைக்கிள் தைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் நாம். பற்றரியைப்பற்றி எமக்கு யார் சொல்லித்தர வேண்டும்? ஆயினும், மின்கம்பி எட்டாத காணிகளிலும் யானைக் காவற் குடில்களிலும் சூரியத் தகட்டோடு வைத்த பற்றரிகள் ஒன்றிரண்டு வருடத்திலேயே செத்துப்போகின்றன. கடன்பட்டு வாங்கிய பொருள்! கடைக்காரரை ஏசுகிறோம். பிழை பெரும்பாலும் மின்னேற்றும் முறையிலேயே இருக்கின்றது.

வாகனப் பற்றரி எஞ்சினைக் கிளப்பச் சில விநாடிகள் மட்டும் பெருமின் கொடுப்பது. இரவிரவாக விளக்கெரிக்க, தடித்த ஈயத் தகடுகள் கொண்ட ‘டீப் சைக்கிள்’ பற்றரியே ஏற்றது. அதையும் பாதிக்குக் கீழே இறக்காமல் பாவித்தால் நெடுநாள் உழைக்கும். சில மணிநேரம் ஓய்வில் விட்டு மீற்றரால் அளந்து பாருங்கள். 12 வோல்ற் பற்றரி நிறைந்திருந்தால் 12.6க்கு மேல் காட்டும்; 12.2 அளவில் நின்றால் பாதிதான் மிச்சம்.

சாக்கில் நெல் கொட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் மளமளவென்று இறங்கும். கடைசிப் பகுதியை உலுக்கி உலுக்கித்தான் நிரப்பவேண்டும். பற்றரியிலும் முதல் 80 வீதம் விரைவாக ஏறும். மிகுதி ஏற, ஏறத்தாழ 14.4 வோல்ற்றில் சில மணிநேரம் பிடித்துவைக்க வேண்டும். பின்னர் 13.5 அளவில் விட்டால் போதும். பற்றரியின் வகைக்கேற்பச் சரிசெய்த கட்டுப்பாட்டுக் கருவி இதைத் தானே பார்த்துக்கொள்ளும். கருவியின்றி நேரே பெரிய தகட்டில் தொடுத்தால் நீர் கொதித்து வற்றிவிடும். லாண்ட்மாஸ்ரரில் ஒரு மணிநேரம் பூட்டி ஓடிவிட்டு ‘நிறைந்துவிட்டது’ என்பதும் தவறு.

அரைவயிற்றோடு நாட்கணக்கில் கிடக்கும் பற்றரியில், தகடுகளின்மேல் ஈய சல்பேற்று படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பழைய பலம் வராது. நாமும் ஒரு மாரி முழுவதும் அப்படி விட்டு ஒன்றைக் கெடுத்தோம். ஆகவே மழைக்காலத்தில் விளக்கைக் குறையுங்கள். அல்லது மின்சாரமுள்ள வீட்டில் சார்ஜரில் முழுமையாக ஏற்றி வாருங்கள். இரண்டாவது விளக்குக்குக் காசு சேர்ந்தால், முதலில் இன்னொரு தகட்டை வாங்குவதே புத்தி.

மூடி திறக்கக்கூடிய பற்றரியாயின், மின்னேற்றி முடிந்தபின் வடித்த நீர் விடுங்கள். தகடு வெளியே தெரிந்தால் மட்டும், அது மூழ்குமளவு முன்னரே விடலாம். கிணற்று நீர் கூடாது. அமிலம் ஒருபோதும் விடவேண்டாம். மின்னேறும்போது எழும் ஐதரசன் தீப்பற்றக்கூடியது. குப்பி விளக்கோடு மூடியைத் திறந்து பார்க்கப் போகாதீர்கள்.