விளையாட்டும் தோழமையும்

சென்ற கோடை விடுமுறையில் என் தமக்கையின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். இரவு உணவுக்கு இலை போட்டாயிற்று. பதினைந்து வயதுடைய அவள் மகன் மட்டும் வரவில்லை. "இதோ வந்துவிட்டேன், அம்மா!" என்று மூன்று முறை குரல் மட்டும் வந்தது. அத்தான் எழுந்து சென்று கைப்பேசியைப் பிடுங்கிவந்தார். பையன் அழுதே விட்டான். "நான் போய்விட்டால் அவர்கள் மூவரும் தோற்றுப்போவார்களே, மாமா!" என்று என்னிடம் முறையிட்டான். அம்மூவர் யாவர் என்று வினவினேன். அவன் வகுப்புத் தோழர்களே.

நான் இன்று மாணவர்களாகிய உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள் அந்த முறையீட்டில்தான் அடங்கியிருக்கிறது. சதுரங்கப் பலகையை அப்படியே வைத்துவிட்டு உண்டுவரலாம். இணையத்தில் நால்வர் ஓர் அணியாக நின்று ஆடும் போர் விளையாட்டை அவ்வாறு நிறுத்திவைக்க இயலாது. ஒருவன் விலகினால் மற்ற மூவரும் இடர்ப்படுவர். மறுநாள் பள்ளியிலும் அதுவே பேச்சு. ஆடாதவன் வாய்மூடி நிற்க வேண்டியதுதான். ஆகவே எழுந்து வராத பையன் இயந்திரத்துக்கு அடிமைப்பட்டான் என்று நாம் உடனே தீர்ப்புக் கூறிவிடலாகாது. பல வேளைகளில் அவன் தோழருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பவனாக இருக்கிறான்.

உண்மையிலேயே நோயுற்றவர்களும் உண்டு. 2022ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறு இடம்பெற்றுள்ளது. ஆட்டத்தை அடக்க இயலாமை, மற்றெல்லாவற்றிற்கும் மேலாக அதனைக் கருதுதல், தீங்கு கண்டும் விடாமை ஆகியவை பொதுவாகப் பன்னிரண்டு மாதங்கள் நீடித்தால்தான் அப்பெயர். ஆடுவோரில் மிகச் சிலரே அந்நிலையை எய்துகின்றனர்.

இனித் தென்கொரியாவைப் பாருங்கள். அங்கே தெருவுக்குத் தெரு 'பிசி பாங்' என்னும் கணினி விளையாட்டுக் கூடங்கள் உண்டு. 1990களின் இறுதியிலிருந்து இளைஞர் கூடிப் பேசும் இடமாகவே அவை விளங்கின. பிள்ளைகள் உறக்கம் கெடுகிறார்கள் என்ற கவலையால் அந்நாட்டரசு 2011 நவம்பரில் ஒரு சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. பதினாறு வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணைய விளையாட்டு ஆடலாகாது என்பது சட்டம். பிள்ளைகள் செய்தது என்ன? பெற்றோரின் குடியடையாள எண்ணைக் கொடுத்து உள்ளே நுழைந்தனர்! பெற்றோர் அறியாமல் நடந்ததா, அறிந்தும் அறியாதவர்போல் இருந்தார்களா என்பது வீட்டுக்கு வீடு வேறுபட்டிருக்கும். கைப்பேசி விளையாட்டுகளையோ அச்சட்டம் தொடவே இல்லை. பத்தாண்டுகளுக்குப் பின் அது நீக்கப்பட்டது. 2022 தொடக்கத்திலிருந்து நடைமுறையில் இல்லை.

அந்நாட்டு மாணவனின் ஒரு நாளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பள்ளி முடிந்ததும் தனிப்பயிற்சிக் கூடம். தலைநகர் சியோலில் அக்கூடங்கள் இரவு 10 மணிக்குள் மூட வேண்டும் என்பது விதி. அதே 10 மணிக்கு மேல் பிசி பாங்கில் சிறுவர்க்கு இடமில்லை. பயிற்சி முடிந்து வெளியே வருபவன் தோழரை எங்கே சந்திப்பான்? வீட்டுக் கணினி ஒன்றே வழி. அதனையும் நள்ளிரவில் அடைத்தது அரசு. பிள்ளைகளின் பொழுதெல்லாம் பெரியவர்களாகிய நாம் எடுத்துக்கொண்டுவிட்டு, எஞ்சிய இரண்டு மணி நேரத்தில் அவர்கள் செய்வதை மட்டும் குற்றமென்பது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

நீக்கப்பட்ட சட்டத்துக்குப் பதிலாக, 2012 முதல் வழங்கிவந்த மற்றொரு முறை நிலைத்தது. பெற்றோரோ பிள்ளையோ கேட்டுக்கொண்டால் ஆடும் நேரத்தை வரையறுக்கும் முறை அது. பொறுப்பு மீண்டும் இல்லத்துக்கே வந்து சேர்ந்தது.

இல்லத்தில் ஓயாத பூசலும் அன்புக் குறைவும் உள்ள பிள்ளைகளிடம் இத்தொல்லை மிகுதி என்று ஆய்வாளர் பலர் கண்டுள்ளனர். பூசலால் ஆட்டம் பெருகிற்றா, ஆட்டத்தால் பூசல் பெருகிற்றா என்று பிரித்தறிவது எளிதன்று. தமக்கை வீட்டில் அன்றிரவு இரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பதை நேரில் கண்டேன்.

மறுநாள் அத்தான் முதன்முறையாக, "ஓர் ஆட்டம் எவ்வளவு நேரம்?" என்று மகனைக் கேட்டார். ஏறக்குறைய அரைமணி என்றான். எட்டு மணிக்குப் பின் புது ஆட்டம் தொடங்குவதில்லை, எட்டரைக்கு உணவு என்று இருவரும் பேசி முடித்தார்கள். தமக்கை மற்ற மூன்று பையன்களின் தாய்மாரிடமும் கூறி, நால்வரும் ஒரே வேளையில் எழும்படி ஏற்பாடு செய்தாள். பையன் ஒரே ஒரு நிபந்தனை விதித்தான்: உணவு வேளையில் அப்பாவின் கைப்பேசியும் அலமாரிக்குள் இருக்க வேண்டும். அத்தானுக்கு அதுதான் சற்றுக் கடினமாயிருந்தது.